தீட்டத் தீட்டக் கிழிக்கும் கவர் கத்தி

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், முக்கியமானதை மட்டும் தருகிறேன்:

"வணக்கம் அண்ணா. அப்பாவின் மரப்பட்டறையில் மிச்சம் விழும் தேக்கு, ஈட்டித் துண்டுகளை வைத்து இரண்டு வருடமாகச் சின்னச் சின்னப் பொருள்கள் செய்து விற்கிறேன். கரண்டி, சீப்பு எல்லாம் நன்றாகப் போகிறது. லெட்டர் ஓப்பனர்தான் கைகொடுக்கவில்லை. போன மாதம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்கு 20 செய்து கொடுத்தேன். எல்லாம் தேக்கு, 3 நூல் கனம் (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு), வாள் மாதிரி வளைந்த வடிவம். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் கவரைப் பிரித்தால் நாய் கடித்த மாதிரி கிழிகிறது என்று திருப்பிவிட்டார்கள். விளிம்பை எமரியில் கூராகத் தீட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் வெட்டியது, அப்புறம் விளிம்பு பல் பல்லாக உதிர்ந்து முன்னைவிட மோசமாகிவிட்டது. பித்தளைக்கு மாறிவிடலாமா? மரத்தில் சுத்தமாக வெட்டும் கவர் கத்தி செய்யவே முடியாதா?"

தம்பி, செய்ய முடியும். திருப்பி வந்த அந்த 20-ஐயும் எறிந்துவிடாதீர்கள், அவற்றில் பலவற்றைக் காப்பாற்றலாம், கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வெள்ளைத்தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் நகத்தால் அழுத்தி ஒரு இழுப்பு இழுங்கள். பிறகு மடிப்புக்குள் ஒரு எவர்சில்வர் ஸ்கேலை நுழைத்து வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் செய்ததுதான். தாள் நேராக, சுத்தமாகப் பிரியும். அந்த ஸ்கேலின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். கூர் ஒன்றும் இல்லை, தக்காளியைக்கூட அது வெட்டாது. ஆனால் காகிதத்தை வெட்டுகிறது, ஏனென்றால் அது மெலிந்த தகடு, வழவழப்பான விளிம்பு, மடிப்பு ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிட்டது. கவர் கத்தி என்பது இவ்வளவுதான். நீங்கள் கூரைத் தேடிப் போயிருக்கிறீர்கள், தேட வேண்டியது மெலிவை.

வெளிநாட்டில் ஒரு காலத்தில் புத்தகங்களை விளிம்பு வெட்டாமலேயே கட்டி விற்றார்கள், வாங்கியவர் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். அதற்கென்று தந்தத்திலும் எலும்பிலும் மரத்திலும் அகலமான, மெல்லிய கத்திகள் செய்தார்கள். அவற்றின் விளிம்பு வேண்டுமென்றே மழுக்கிய விளிம்பு. கூராக இருந்தால் மடிப்பை விட்டு விலகி அச்சு இருக்கும் இடத்துக்கே போய்விடும். தந்தம் இன்று நாம் தொடக்கூடாத பொருள், தொடவும் வேண்டாம், ஆனால் அந்தக் கத்திகளின் வடிவத்தைப் பழைய பொருள்களின் படங்களில் தேடிப் பாருங்கள், ஒன்றுகூட உங்களுடையதைப் போலக் கனமாக இருக்காது.

காகிதம் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். காகிதம் நார்களின் படுகை. மில்லில் கூழ் ஓடும்போது நார்களில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகின்றன. பழைய செய்தித்தாள் ஒன்றை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள், ஓரளவு நேராகப் போகும். குறுக்கே கிழியுங்கள், ஆறு மாதிரி வளைந்து வளைந்து ஓடும். கவரிலும் இதே கதைதான், அதனால்தான் ஒரே கவரில் நீளப் பக்கம் ஒரு மாதிரியும் அகலப் பக்கம் ஒரு மாதிரியும் பிரியும். மடிப்பில் நார்கள் முறிந்திருப்பதால் அந்தக் கோடு பலவீனமானது. கத்தி உள்ளிருந்து அந்தக் கோட்டை வெளியே தள்ளும்போது மடிப்பு விறைத்து நிற்கும், விறைத்து நிற்கும் கோட்டில் மெல்லிய விளிம்பு பட்டால் அந்த இடம் மட்டும் விட்டுக்கொடுக்கும்.

இப்போது உங்கள் கத்திக்கு வருவோம். 3 நூல் கனம், விளிம்பில் மட்டும் கொஞ்சம் சாய்வு. நீங்கள் அனுப்பிய படத்தில் சாய்வு விளிம்பிலிருந்து 2 நூல் தூரத்தில் ஆரம்பிக்கிறது. அதாவது கால் அங்குலத்துக்குள் 3 நூல் கனம் பூச்சியமாக வேண்டும். அது கோடாலியின் வாய். தேங்காய் உடைக்கும் அரிவாளால் கேரட் நறுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பாதி வரை வெட்டும், அப்புறம் டப்பென்று பிளக்கும், ஏனென்றால் வாய் உள்ளே போனதும் பின்னால் வரும் கனம் இரண்டு பக்கத்தையும் தள்ளுகிறது. உங்கள் கவரிலும் அதுவே நடக்கிறது. விளிம்பு காகிதத்தைத் தொடும் முன்பே பின்னால் இருக்கும் கனம் கவரை அகட்டிவிடுகிறது, கிழிசல் கத்தியைவிட ஒரு விரல் முன்னால் ஓடுகிறது, முன்னால் ஓடும் கிழிசலுக்கு மடிப்பின் மேல் மரியாதை கிடையாது, நார் போகும் போக்கில் போய்விடும். நாய் கடித்த மாதிரி என்று அவர்கள் சொன்னது சரியான வர்ணனை.

நீங்கள் தீட்டியதும் ஏன் ஒரு வாரம் வெட்டியது? மெல்லிய கூர் முனை கிடைத்ததால். ஏன் உதிர்ந்தது? அந்தக் கூர் முனையில் நின்றது தேக்கு என்பதால். தேக்கின் குறுக்கு வெட்டைப் பாருங்கள், வருட வளையத்தின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவில் துளைகள் வரிசையாக இருக்கும். விளிம்பைக் காகித மெலிவுக்குக் கொண்டுவந்தால் அந்தத் துளைகளுக்கு நடுவே நிற்பதற்கு மரமே இருக்காது. துளை இருக்கும் இடம் குழி, இல்லாத இடம் மேடு, ஒரு மாதத்தில் அது ரம்பம். தேக்கு கதவுக்கும் கட்டிலுக்கும் அரசன், கத்தி விளிம்புக்கு அது சுமாரான மரம்தான்.

எனக்கும் இது நடந்திருக்கிறது, கூடவே இன்னொரு தப்பும். தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும், ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு 6 கவர் கத்திகள் செய்தேன். ஈட்டியில், சவரக் கத்தி மாதிரி தீட்டிக் கொடுத்தேன், கையில் முடி மழிக்கும் அளவுக்கு. பத்து நாளில் குமாஸ்தா வந்து ஒரு கவரை மேஜையில் வைத்தார். கவர் சுத்தமாகத்தான் வெட்டுப்பட்டிருந்தது. கத்தி மடிப்பை விட்டு அரை அங்குலம் உள்ளே இறங்கி, கவரோடு சேர்த்து உள்ளே இருந்த செக்கையும் ஒரு மூலையிலிருந்து சீவியிருந்தது. அந்த செக்கை மறுபடி வாங்க அவர்கள் கட்சிக்காரரிடம் எப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அன்றிலிருந்து கவர் கத்தியின் விளிம்பைக் கூராக விடுவதில்லை. கூரான கத்தி தன் வழியில் போகும், மழுங்கின மெல்லிய விளிம்பு மடிப்பின் வழியில் போகும், அது மடிப்பை விட்டு ஏற முயன்றால் காகிதம் அதை வழுக்கித் தள்ளிவிடும்.

சரி, அளவுகளுக்கு வருவோம். மொத்த நீளம் எட்டரை முதல் ஒன்பது அங்குலம், அதில் வெட்டும் பகுதி ஐந்தரை. அகலம் 7 நூல் போதும். முதுகு ஒன்றரை நூல் கனம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் விளிம்பு வையுங்கள், இரண்டு பக்க விளிம்பு பார்க்க வாள் மாதிரி இருக்கும், ஆனால் கிடைக்கும் அகலம் பாதியாகிவிடும், மெலிவதற்கு இடம் இருக்காது. முக்கியமானது இது: சாய்வு முதுகிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். முதுகிலிருந்து விளிம்பு வரை ஒரே இறக்கம், நடுவில் படி கூடாது, இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி. விளிம்பிலிருந்து 2 நூல் உள்ளே வந்து அளந்தால் கனம் அரை நூல்தான் இருக்க வேண்டும். விளிம்பு எவ்வளவு? ஒரு விசிட்டிங் கார்டின் கனம். அதற்குக் கீழே போகாதீர்கள், அந்தக் கனத்தை அப்படியே சதுரமாகவும் விடாதீர்கள், ஒரு துளி உருட்டிவிடுங்கள். உள்ளங்கையில் அழுத்தி இழுத்தால் ஒரு கோடு தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது.

முனையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, பாதித் தொல்லை அங்கேதான் இருக்கிறது. கவரின் மூடி ஒட்டியிருக்கும் மூலையில் பசை படாத ஒரு சின்னச் சந்து இருக்கும், முனை அதில் போக வேண்டும். ஊசி முனை வைத்தால் அது சந்துக்குள் போகாமல் காகிதத்தைக் குத்திக்கொண்டு போகும், கிழிசல் அங்கேயே ஆரம்பித்துவிடும். அகல முனை வைத்தால் உள்ளேயே போகாது. ஒரு நூல் அகலத்தில், நாக்கு மாதிரி உருண்ட முனை வையுங்கள். கனம் அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு வர வேண்டும். நம் ஊர்க் கடைகளில் வாங்கும் பல கவர்களில் பசையை மூலை வரை இழுத்துவிடுகிறார்கள், அவற்றுக்கு இந்த நாக்கு முனையாலும் கொஞ்சம் நெம்பித்தான் நுழைக்க வேண்டும்.

இனி மரம். ஈட்டி உங்களிடம் இருக்கிறது, அதையே எடுங்கள். தேக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கடினம், துளைகள் இருந்தாலும் தேக்கைப் போல ஒரே வரிசையில் குவிந்து நிற்பதில்லை. துண்டுகள் வந்த மரத்தின் பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈட்டி சேர்ந்திருக்கும் டல்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் (அருகி வரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் விதியை விசாரித்துவிட்டு அனுப்புங்கள். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் போடுங்கள், ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும்.

ஈட்டி தீர்ந்தால் கவலை வேண்டாம். கொய்யா மரம் எங்காவது வெட்டினால் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் விறகாகத்தான் போகும், ஆனால் நெருக்கமான, கெட்டியான மரம், விளிம்பு அருமையாக நிற்கும். நிழலில் மெதுவாகக் காய வையுங்கள், அவசரப்பட்டால் வெடிக்கும். முற்றின புளியின் வைரம் கல் மாதிரி, உளியின் பொறுமையைச் சோதிக்கும், கிடைத்தால் விடாதீர்கள். பூவரசு நன்றாக மெருகேறும், கொஞ்சம் மென்மை. கருங்காலி என்றால் விளிம்புக்கு அதைவிட உசத்தி இல்லை, ஆனால் சாயம் ஏற்றிய வேறு மரத்தையும் கருங்காலி என்று விற்கிறார்கள், ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், சாயம் விடும் மரம் கவரையும் கறுப்பாக்கும். வேங்கை பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் ஈரக் கை பட்டால் மஞ்சள் சாயம் விடும், காகித வேலைக்கு ஆகாது. வேம்பின் ரேகை, அதாவது நார் ஓடும் போக்கு, ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னியிருக்கும், எந்தப் பக்கம் தேய்த்தாலும் ஒரு இடத்தில் பிசிறும். பனை வேண்டவே வேண்டாம். அந்தக் கறுப்பு நார்கள் அழகுதான், விளிம்பில் அவை ஊசி ஊசியாக நிமிர்ந்து வாங்கினவரின் விரலில் சிராம்பாக ஏறும்.

எனக்குப் பிடித்தது என்று கேட்டால் மூங்கில். நாலைந்து வருடம் முற்றின கல்மூங்கில், பச்சையாக இல்லாமல் காய்ந்தது. மூங்கிலின் வெளித்தோலை ஒட்டித்தான் நார்கள் நெருக்கமாக இருக்கும், உள்பக்கம் போகப் போகச் சோறு. அதனால் தோல் பக்கத்தை விளிம்பாக வைத்து, உள்பக்கத்திலிருந்து மட்டும் சீவி மெலிக்க வேண்டும், தோலைத் தொடக்கூடாது. இதற்கு மட்டும் ஒரு முகச் சாய்வு. ஒரு காலத்தில் கிராமங்களில் மூங்கில் சிலாம்பால் தொப்புள்கொடி வெட்டியிருக்கிறார்கள், அந்த நாரின் விளிம்பு அப்படி. கணு வெட்டும் பகுதியில் வராமல் பிடியில் வருமாறு எடுத்தால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும். மரத்துண்டு விலைக்கு வாங்க முடியாத மாதங்களில் இதைச் செய்து விற்கலாம்.

எந்த மரமானாலும் ரேகை கத்தியின் நீளவாக்கில், முனை வரை ஓட வேண்டும். இதைக் கண்ணால் மட்டும் நம்ப வேண்டாம். துண்டின் ஓரத்தில் ஒரு உளியை வைத்துத் தட்டி ஒரு சிம்பு பிளந்து பாருங்கள், பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் உண்மையான ரேகை, அந்தக் கோட்டுக்கு இணையாகக் கத்தியை வரையுங்கள். உங்கள் வாள் வளைவு இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. நேரான மரத்தில் வளைந்த விளிம்பு வெட்டினால், வளைவின் ஒரு பாதியில் நார்கள் விளிம்புக்கு வெளியே போய் முடியும். அந்த நுனிகள் துடைப்பக்குச்சி மாதிரி நிற்கும், ஒவ்வொன்றும் காகிதத்தைக் கொக்கி போட்டு இழுக்கும். வளைவு ஆசையாக இருந்தால் பிடியில் வையுங்கள், வெட்டும் ஐந்தரை அங்குலம் நேராக இருக்கட்டும்.

மெலிப்பதை இழைப்புளியில் ஆரம்பித்து, முதுகில் பென்சில் கோடு, விளிம்பில் பென்சில் கோடு, இரண்டுக்கும் நடுவே இறக்கம் என்று கண்ணை வைத்துக்கொண்டே போங்கள். கடைசி ஒரு மில்லிமீட்டரை இழைப்புளியில் எடுக்க வேண்டாம், பிய்த்துவிடும். உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுங்கள், உங்கள் அப்பாவுக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் உப்புத்தாள், 120, 180, 240, 320, 400 எண் என்று சொரசொரப்பு குறையும்படி படிப்படியாக, ஒரு மட்டமான கட்டையில் சுற்றி, எப்போதும் நீளவாக்கில் மட்டும். வெறும் விரலில் தாளை வைத்துத் தேய்த்தால் விளிம்பு அலை அலையாகிவிடும். 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காய வையுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும், தடவினால் சொரசொரவென்று இருக்கும், பயப்படாதீர்கள், அதை எழுப்பத்தான் துடைத்தோம். 320-இல் அதைச் சீவிவிட்டால் பிறகு வாங்கினவர் கையில் வேர்த்தாலும் மறுபடி எழாது. 400-க்குப் பிறகு ஒரு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் விளிம்பை அழுத்தி நீளமாக இருபது முப்பது முறை தேயுங்கள். மரம் இறுகிப் பளபளக்கும்.

இப்போது பஞ்சுச் சோதனை. இதைத் தவறவிடாதீர்கள். ஒரு சிட்டிகைப் பஞ்சை மெதுவாகப் பிய்த்துப் பூ மாதிரி ஆக்கிக்கொண்டு, இரண்டு விரலில் லேசாகப் பிடித்து, விளிம்பின் அடியிலிருந்து முனைக்கும் முனையிலிருந்து அடிக்கும் இழுங்கள். விரலுக்கும் கண்ணுக்கும் தெரியாத பிசிறு பஞ்சுக்குத் தெரியும். எங்கே ஒரு இழை சிக்கி நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், அந்த இடத்தை மட்டும் 400-இல் இரண்டு இழுப்பு, மறுபடி கரண்டி, மறுபடி பஞ்சு. போன வாரம் நான் முடித்த ஒரு கொய்யாக் கத்தியில் பார்வைக்கு எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது, முனையிலிருந்து ஒரு அங்குலத்தில் ஒரே ஒரு வெள்ளை இழை நின்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு சிம்பு. அதோடு விற்றிருந்தால் ஒவ்வொரு கவரும் அதே இடத்தில் பிசிறியிருக்கும்.

விளிம்பை இன்னும் கெட்டியாக்க ஒரு வழி இருக்கிறது. பெவிக்விக் மாதிரி நீர்த்த உடனடிப் பசையை விளிம்பு நெடுக ஒரு சொட்டு சொட்டாக விட்டால் மரம் உறிஞ்சிக்கொள்ளும், காய்ந்த பிறகு 400-இல் தேய்த்தால் பிளாஸ்டிக் மாதிரி இறுகியிருக்கும், துளைகளும் அடைபட்டிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், ஆவி கண்ணை எரிக்கும். பசையைத் தடவ பாலிதீன் துண்டைப் பயன்படுத்துங்கள், பஞ்சையோ பனியன் துணியையோ எடுக்காதீர்கள். இந்தப் பசை பருத்தியில் பட்டால் சூடேறிப் புகையும், விரல் வெந்துவிடும். பஞ்சுச் சோதனைக்கான பஞ்சு அதே மேஜையில் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் படத்தில் தெரியும் பளபளப்பு சந்தேகமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் காயாது. கவரில் எண்ணெய்க் கறை விழும், கறை விழுந்த இடத்தில் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே எழுதியது தெரியும். ஆளிவிதை எண்ணெய் காயும், மெல்லியதாக ஒரு கை தடவி, மிச்சத்தை முழுக்கத் துடைத்து, நன்றாகக் காயும் வரை வையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகத் தீப்பிடிக்கும், மரத்தூள் கிடக்கும் பட்டறையில் அது எதில் போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்குங்கள். எண்ணெய் காத்திருக்க நேரமில்லை என்றால் அரக்குப் பாலிஷ் மெல்லியதாக இரண்டு பூச்சு, மேலே தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் கத்தி காகிதத்தில் வழுக்கிக்கொண்டு போகும்.

பித்தளைக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாறலாம், ஆனால் இந்தத் தோல்விக்காக மாறாதீர்கள், இதே கனத்தில் இதே வடிவத்தில் பித்தளையில் செய்தாலும் இதே கிழிசல்தான் வரும். பித்தளையின் நல்ல குணம், 2 மி.மீ. தகட்டிலேயே வேண்டிய மெலிவு கிடைத்துவிடும். விளிம்புப் பகுதியைச் சூடாக்காமல் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியால் மெல்ல அடித்துப் பரப்பினால் அந்த இடம் இறுகும். அடித்த பிறகு நெருப்பில் காட்டினால் மறுபடி இளகிவிடும், அதனால் பற்றவைப்பு ஏதாவது இருந்தால் முதலில் முடித்துவிட்டு அடியுங்கள். அரம் போட்ட பிறகு விளிம்பில் ஒரு பிசிறு மறுபக்கம் சுருண்டு நிற்கும், எமரியில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுத்து, அதே பஞ்சுச் சோதனை. மெருகுப் பசையின் மிச்சம் விளிம்பில் இருந்தால் முதல் கவரிலேயே கறுப்புக் கோடு விழும், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுங்கள். உங்களிடம் ஈட்டித் துண்டு இருப்பதால் பித்தளை அலகுக்கு ஈட்டிப் பிடி போட்டு இரண்டு பித்தளை ஆணி அறைந்தால் நல்ல விலைக்குப் போகும். உள்ளே துணி ஒட்டிய கனமான தபால் கவர்களுக்கு மரத்தைவிட அது உதவும். கூரியர்காரர்களின் பாலிதீன் உறைக்கு இரண்டும் ஆகாது, அது இழுபடும், கத்தரிக்கோல்தான். இதை வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் பாலிதீன் உறைகளும் வந்திருக்கும், அதில் உங்கள் கத்தியை வைத்து நெம்பியிருந்தால் பாதி விளிம்பு அங்கேயே போயிருக்கும்.

ஒவ்வொரு கத்தியோடும் நாலு வரி எழுதிய ஒரு சீட்டு வையுங்கள். கவரை மேஜையில் ஒரு தட்டு தட்டி உள்ளே இருப்பதை எதிர்ப்பக்கம் இறக்கிக்கொள்ளவும். மூலைச் சந்தில் நாக்கு முனையை நுழைக்கவும். கத்தியை மேலே தூக்காமல், மடிப்போடு கிட்டத்தட்ட படுத்த நிலையில், ஒரே வீச்சில் முன்னால் தள்ளவும். தண்ணீரில் கழுவ வேண்டாம். பெரும்பாலானவர்கள் கத்தியைச் செங்குத்தாக வைத்து மண்வெட்டி மாதிரி மேலே இழுக்கிறார்கள், அப்படி இழுத்தால் உலகத்தின் எந்தக் கத்தியும் கிழிக்கும். வீட்டில் இன்லண்ட் லெட்டர் எழுதும் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் ஒன்றைக் கொடுத்துச் சோதியுங்கள். அதில் மூன்று பக்கம் பிரிக்க வேண்டும், எழுத்து மடிப்பு வரைக்கும் வந்திருக்கும், ஒரு இடம் வழி தவறினாலும் ஒரு வரி போய்விடும். இன்லண்ட் லெட்டரை எழுத்து சிதையாமல் பிரிக்கிற கத்தி வேறு எந்தக் கவரையும் பிரிக்கும்.

அந்த 20-க்கு வருகிறேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் வைத்து ரேகை விளிம்பை எந்தச் சாய்வில் சந்திக்கிறது என்று பாருங்கள். வெட்டும் பகுதியில் ரேகை சரிந்து வெளியே ஓடுபவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள், ஐந்தாறு தேறும், அவற்றைக் கவர் கத்தியாக யாருக்கும் கொடுக்க வேண்டாம், பிடிகளாக வெட்டிப் பித்தளை அலகுக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் உதிர்ந்த பல் போகும் வரை விளிம்பை இழைத்து நேராக்குங்கள், வளைவும் அதில் குறையும். 3 நூல் கனத்தை முதுகில் ஒன்றரைக்குக் கொண்டுவாருங்கள், கைக்கு வலிக்கும் வேலைதான், ஆனால் மரம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். ஒன்றை மட்டும் முடித்து, பசை ஊற்றி, பஞ்சு ஓட்டி, பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் பழைய கவர்களில் 50-ஐ வாங்கி, பிரிக்காத மடிப்புப் பக்கமாக வெட்டிப் பாருங்கள். ஐம்பதாவது கவரின் விளிம்பு முதல் கவரைப் போல இருந்தால் அந்த ஒரு கத்தியையும் இரண்டு கவர்களையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போங்கள், திருப்பிக் கொடுத்தவர் கையிலேயே கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு மற்றவற்றை இழைக்க உட்காரலாம்.